பென்சில் குறி போட்ட கிறிஸ்துமஸ் புத்தகம்

அந்த டிசம்பரில் என் மேசைமேல் யாரோ வைத்துவிட்டுப் போன புத்தகத்தை மூன்று நாள் நான் பிரிக்கவே இல்லை. பிரிப்பதற்கு முன்னால் வைத்தது யார் என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இருந்தேன். பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடுவது போலப் பழுப்புக் காகிதத்தில் மடித்து, நாலு பக்கமும் செல்லோடேப் ஒட்டியிருந்தது. செல்லோடேப்பைக் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார்களா, பல்லால் கடித்திருக்கிறார்களா என்றுகூடப் பார்த்தேன். பல்லால்தான். எங்கள் பிரிவில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரில் யாருக்கெல்லாம் முன்பல் சரியாக இருக்கிறது என்று அன்றைக்கு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் எனக்குக் கூடவே பிறந்தது. கடைக்காரர் தட்டிக் காட்டுகிற தேங்காயை நான் வாங்கமாட்டேன். அவர் தொடாத காயைத்தான் எடுப்பேன். வேங்கிக்கால் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் (எது என்று சொல்லப்போவதில்லை) முப்பது வருஷம் கோப்பு பார்த்ததும் இந்தக் குணத்துக்கு நன்றாக உரம் போட்டுவிட்டது. ஒரு மனுவைப் பார்த்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட என்ன எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் போகும். வீட்டிலும் அப்படித்தான் என்று என் கணவர் சொல்வார். அவர் எதற்காக அப்படிச் சொல்கிறார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

எங்கள் பிரிவில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட் நடக்கும். எங்கள் டைப்பிஸ்ட் ஆரம்பித்துவைத்தது. அவள் வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவார்கள். கார்த்திகை தீபத் திருவிழாக் கூட்டம் முடிந்து, அதற்காக ஊருக்கு வெளியே நிறுத்திய பஸ்ஸெல்லாம் பழையபடி பஸ் ஸ்டாண்டுக்குள் வந்துவிட்ட வாரத்தில், எல்லார் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்குவாள். யார் பெயர் நமக்கு வருகிறதோ அவருக்கு நாம் ரகசியமாகப் பரிசு வைக்க வேண்டும். முதலில் சில வருஷம் பரிசென்றால் சுவர்க் கடிகாரமும் டிபன் பாக்ஸும்தான். ஒரே வருஷத்தில் மூன்று பேருக்கு ஒரே மாதிரி பிள்ளையார் பொம்மை வந்து சேர்ந்த பிறகு, இனிமேல் புத்தகம் மட்டும்தான், அதுவும் பண்டிகைக் கதை உள்ள புத்தகமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். கிறிஸ்துமஸ் லீவில், புது வருஷத்துக்குள் அதைப் படித்துவிட வேண்டும். புது வருஷம் பிறந்து முதல் வேலை நாளில், மத்தியானம் சாப்பாட்டு அறையில் ஒவ்வொருவராக எழுந்து, தனக்குக் கொடுத்தது யார் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். அதுதான் விளையாட்டு.

புத்தகம் வாங்குவதற்கு ஆசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் ஒரு பழைய புத்தகக் கடை இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கிவிட்டு, கிளம்பும்போது படித்த புத்தகங்களை அங்கே தள்ளிவிட்டுப் போவார்கள். டிசம்பர் பிறந்தால் கடைக்காரர் அட்டையில் பனி இருக்கிற புத்தகங்களை எல்லாம் பொறுக்கி முன்மேசையில் அடுக்கிவிடுவார். பனி இருந்தால் அவருக்குக் கிறிஸ்துமஸ். கொலைக் கதைகூட அதில் கிடக்கும். எங்கள் இங்கிலீஷ் கோப்பில் படித்த இங்கிலீஷ்தான் என்றாலும், போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்து எல்லாரும் எப்படியோ படித்துவிடுவோம்.

அந்த வருஷம் எனக்கு விளையாடுகிற மனசே இல்லை. காரணம் என் தோழி. பக்கத்து மேசை. ஊருக்குள் நாலு தலைமுறையாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண். என்னைவிட ஐந்து வயசு சின்னவள். பதினாலு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். அவள் தாளிச்சா என் தட்டுக்கும், என் கத்திரிக்காய்க் காரக்குழம்பு அவள் தட்டுக்கும் கேட்காமலே போகும். என் மகள் கல்யாணத்தில் வந்தவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுத்தது அவள்தான். வேறு எவரிடமும் இல்லாத ஒரு நம்பிக்கை எனக்கு அவளிடம் இருந்தது. எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை என்றுகூடச் சொல்லலாம்.

கார்த்திகை பிறந்ததிலிருந்து அவள் மாறிப்போனாள். அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் புங்கமரத்துக்குக் கீழே போய் நின்று போனில் பேசுவாள். நான் கிட்டே போனால் "அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். இரண்டு தடவை மாடியிலிருந்து இறங்கிவந்தாள். மாடியில்தான் எங்கள் சம்பளம், லீவு, மாற்றல் எல்லாம் பார்க்கிற பிரிவு இருக்கிறது. என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வாள், பொய் சொன்னால் எனக்குத் தாங்காது என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். என்னைப் பற்றி மாடியில் ஏதோ சொல்லிவைக்கிறாள், என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறாள் என்று நாளுக்கு நாள் மனசு அரித்தது.

இந்த நிலைமையில்தான் நாலாம் நாள் அந்தப் புத்தகத்தைப் பிரித்தேன். அட்டையில் ஒரு பெரிய கேக், மேலே சிவப்புப் பழம். கதை ஒரு கிழவியைப் பற்றியது. ஊரில் எவரையும் நம்பாதவள். கிறிஸ்துமஸுக்கு விருந்தாளி வருவதற்கு முன்னால் கேக் துண்டுகளை எண்ணிவைப்பாள், போன பிறகு மறுபடி எண்ணுவாள். கடைசியில் அவள் வீட்டுக்கு ஒருவரும் வராமல் போகிறார்கள். முதல் அத்தியாயத்திலேயே எனக்கு முகம் சூடேறிவிட்டது. இருபத்திரண்டாம் பக்கத்தில் ஓரத்தில் ஒரு பென்சில் குறி. நாற்பதாம் பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் ஏழு.

பென்சில் குறி என்றால் மற்றவர்களுக்கு ஒன்றுமில்லாமல் இருக்கலாம். எங்கள் அலுவலகத்தில் அது ஒரு பேச்சு. அதிகாரி கோப்பைப் படித்துவிட்டு ஒரு பத்திக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போட்டு அனுப்பினால், 'இது உனக்குத்தான், இதுக்கு நீ பதில் சொல்லு' என்று அர்த்தம். பதில் எழுதிய பிறகு ரப்பரால் அழித்துவிடலாம், கோப்பில் தடம் இருக்காது. முப்பது வருஷமாக நான் டிக் பார்த்துப் பதில் எழுதியவள். புத்தகத்தில் இருந்த ஏழு டிக்கும் கிழவியின் சந்தேகப் புத்தியைப் பற்றிய இடங்களில்தான் இருந்தன. 'தனக்குச் சோறு போட்டவளையே சந்தேகப்பட்டாள்' என்கிற மாதிரி ஒரு வரி வந்தது. அங்கே இரண்டு டிக். எனக்குச் சோறு போட்டவள் யார்? தாளிச்சா போட்டவள் ஒருத்திதான். முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு எனக்கு மெமோ கொடுத்திருக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டேன்.

இருந்தாலும் ஆதாரம் இல்லாமல் நான் எதையும் முடிப்பதில்லை. சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். புத்தகத்தைக் காட்டி, இது இங்கே வாங்கியதா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார் கடைக்காரர். அவருக்கு அட்டை நினைவிருக்கிற அளவுக்கு ஆள் நினைவில்லை. வேங்கிக்கால் ஆபீஸிலிருந்து பச்சை முக்காடு போட்ட அம்மா யாராவது வந்தார்களா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்தாங்களே. ஒரு மணி நேரம் நின்னுனே படிச்சாங்க. ஒண்ணும் புடிக்கலைனு வெச்சாங்க, மறுபடி எடுத்தாங்க. இவ்ளோ யோசிச்சி யாருங்க புக் வாங்குறாங்கன்னு நானே நெனச்சிகினேன்."

ஒரு மணி நேரம் நின்று யோசித்து எனக்காக ஒரு கிழவியைத் தேடிப் பிடித்திருக்கிறாள். எந்தப் புத்தகம் வாங்கினாள் என்று அவரைக் கேட்கத் தோன்றவில்லை. தெரிந்த விஷயத்தைக் கேட்பானேன் என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் ஒவ்வொருவரிடமும் பேச்சுக் கொடுத்து, என் தோழியின் பெயர் யாருக்கு வந்தது என்று மட்டும் கறந்தேன். என் சீட்டில் வந்தது எங்கள் சூப்பரின்டெண்டெண்ட் பெயர். அவள் பெயர் டைப்பிஸ்டிடம் இருந்தது. சீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றதும், விதியைப் போட்ட நானே அதை மீறலாமா என்று டைப்பிஸ்ட் முதலில் முரண்டு பிடித்தாள். சூப்பரின்டெண்டெண்டுக்கு மெலிசாக எதைக் கொடுத்தாலும் சந்தோஷப்படுவார், உனக்கு அலைச்சல் இல்லை என்று சொல்லி அவளிடம் சீட்டை மாற்றிக்கொண்டேன். பிறகு மறுபடி கடைக்குப் போய், இந்தத் தடவை நான் ஒரு மணி நேரம் நின்றேன்.

நான் தேடியது கிடைத்தது. கடற்கரை ஊர் ஒன்றில் இரண்டு பெண்கள், அடுத்தடுத்த வீடு. இருபது வருஷமாகக் கிறிஸ்துமஸ் சாப்பாடு ஒன்றாகத்தான். ஒரு வருஷம் அதில் ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறிவிடுகிறாள். மற்றவள் கேக்குத் தட்டோடு வந்து பூட்டின கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். படிக்கும்போது எனக்கே துக்கமாக இருந்தது. அந்தத் துக்கத்தையும் கோபமாக மாற்றிக்கொண்டேன். பென்சிலைச் சீவினேன். சொல்லாமல் போகிறவளைப் பற்றி எங்கெல்லாம் கடுமையாக எழுதியிருந்ததோ அங்கெல்லாம் டிக் போட்டேன். ஒன்பது டிக், அவளைவிட இரண்டு கூட. குத்துகிற இடங்கள் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். கடைசி நாற்பது பக்கத்தை நான் படிக்கவே இல்லை. பழுப்புக் காகிதத்தில் மடித்து, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், அவள் மாடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவள் மேசைமேல் வைத்தேன்.

அந்த வாரம் முழுக்க அவள் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தாளிச்சா வழக்கம்போல என் தட்டுக்கு வந்தது. இவ்வளவு நடிக்கத் தெரியுமா உனக்கு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன்.

புது வருஷத்து முதல் வேலை நாளில் சாப்பாட்டு அறையில் கூடினோம். டைப்பிஸ்ட் கேக் கொண்டுவந்திருந்தாள். என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். எனக்கு இதைக் கொடுத்தது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும், பதினாலு வருஷம் என்னோடு சாப்பிட்டவர்தான், ஒவ்வொரு குறியும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது என்று அவளைப் பார்த்துச் சொன்னேன். குரல் நடுங்கியது. மற்றவர்கள் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டார்கள். அப்போது பின்னாலிருந்து எங்கள் ரெக்கார்டு கிளார்க் கையைத் தூக்கினார். அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவர்.

"மேடம், அது நான் வெச்சது. அட்டையில கேக்கு இருந்துச்சி, கிறிஸ்துமஸுக்கு நல்லா இருக்கும்னு எடுத்தேன். உள்ள தொறந்துகூட பாக்கல."

பென்சில் குறி, என்றேன். குறி எதுவும் அவருக்குத் தெரியாது. பழைய புத்தகம்தானே, முன்னாடி படித்தவர் எவராவது போட்டிருப்பார் என்றார். யாரோ ஒரு வெள்ளைக்காரி எந்த லாட்ஜிலோ உட்கார்ந்து யாரையோ நினைத்துப் போட்ட டிக்குக்கு, பதில் எழுதியிருக்கிறேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்தபோது என் தோழி எழுந்தாள்.

அவள் தன் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாள். வேலூருக்கு மாற்றல் கேட்டு நவம்பரிலேயே மனு கொடுத்திருக்கிறேன், மகள் அங்கே இருக்கிறாள், வீட்டுக்காரருக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, வைத்தியமும் அங்கேதான் என்றாள். எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"போறதா வேணாமானு ஒரே குழப்பமா இருந்துச்சி. யார்கிட்டயும் சொல்லல. ஆனா ஒருத்தங்க கண்டுபுடிச்சிட்டாங்க. சொல்லாம ஊர விட்டுப் போறவ கதை இது. கடைசில அவ பொண்ணு வீட்டுல, பேரப் புள்ளைங்களோட நல்லா இருக்கா. போ, நல்லாயிருனு சொல்லி அக்காதான் இத குடுத்திருக்காங்க. மூணு தடவ படிச்சேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். டைப்பிஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சூப்பரின்டெண்டெண்ட், புத்தகம் கொடுப்பதென்றால் இப்படிக் கொடுக்க வேண்டும் என்று என்னைப் பாராட்டினார். அந்தக் கடைசி நாற்பது பக்கத்தில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அப்படியெல்லாம் இல்லை, உன்னைக் குத்திக் காட்டத்தான் கொடுத்தேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கிடைத்த நல்ல பெயரை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

பொங்கல் முடிந்து மாற்றல் உத்தரவு வந்தது. அவளுடைய கோப்புகளை எல்லாம் நான்தான் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பட்டியல் போட்டு, அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வாங்கினேன். அவள் சொன்ன எண்ணிக்கையை ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை. என் வேலைக் காலத்திலேயே அப்படிச் செய்தது அந்த ஒரு நாள்தான். மத்தியானம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அதற்குமேல் மென்று முழுங்க என்னால் முடியவில்லை. டிக் எல்லாம் கோபத்தில் போட்டது, நீ எனக்கு எதிராக ஏதோ செய்கிறாய் என்று நினைத்தேன், அந்தக் கதையின் முடிவை நான் படிக்கவே இல்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்க்கா. நீங்க பென்சில அழுத்தி அழுத்திப் போட்டிருக்கீங்க, பின்பக்கம் வரைக்கும் தெரியுது. கதை முடியிற எடத்துல ஒரு டிக்கு கூட இல்ல."

பிறகு எதற்காக எல்லார் முன்னாலும் அப்படிப் பேசினாய் என்று கேட்டேன். நீங்கள் எழுந்து நின்று பேசியதைக் கேட்ட பிறகு உங்களைத் தனியாக விட மனசு வரவில்லை என்றாள். அவள் மறுபடி ஒரு நாள் கடைக்குப் போனபோது புத்தகக் கடைக்காரர் என்னைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் அங்கே அவ்வளவு நேரம் நின்றது எங்கள் டிரைவருக்குப் படம் ஜாஸ்தியாகவும் எழுத்து கம்மியாகவும் ஒரு புத்தகம் தேடித்தான். சீட்டை மாற்றிக்கொண்ட விஷயத்தையும் டைப்பிஸ்ட் சொல்லிவிட்டிருந்தாள்.

"எல்லாரையும் கேட்டீங்க. கடைக்காரரக்கூட போய் கேட்டீங்க. பக்கத்துல ஒக்காந்து சாப்புட்டுனு இருந்த என்னை ஒரு வார்த்த கேக்கல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"கேட்டிருந்தா மனுவ வாபஸ் வாங்கியிருப்பேன். கண்ணு வைத்தியத்துக்கு மாசத்துக்கு ஒருக்கா பஸ்ல போய் வந்தா போதும்னுதான் டாக்டர் சொன்னாரு. கிறிஸ்துமஸ் வரைக்கும் மாடில மனுவ நிறுத்தித்தான் வெச்சிருந்தேன், நீங்க கேப்பீங்கனு. அப்பறம் உங்க புக்கு வந்துச்சி, மனுவ அனுப்பிடுங்கனு சொல்லிட்டேன்."

அவள் எழுந்து டிபன் பாக்ஸைக் கழுவப் போனாள். நான் கை காய்ந்துபோகும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றரை மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்பியபோது வாசல் வரை கூடப் போனேன். போகாதே என்று சொல்ல எனக்கு அப்போது என்ன உரிமை இருந்தது?